ஜென்டில் ஜயண்டைத் திருகோணமலையில் கேட்க வைக்க நான் பட்ட பாடு

ஜென்டில் ஜயண்ட் என்ற பெயரை இதை வாசிக்கிறவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பிரித்தானியாவின் ப்ரோக்ரெஸிவ் ரொக் (ரொக்கோடு செவ்வியல், ஜாஸ் எல்லாம் கலந்து சிக்கலாகக் கட்டுகிற இசை) குழு, 1970இல் முதல் அல்பம், 1980இல் கடைசி அல்பத்தோடு கலைந்து போனார்கள், மொத்தம் பதினொரு ஸ்டூடியோ அல்பங்களும் இடையில் ஒரு இரட்டை லைவ் அல்பமும். பிங்க் ஃப்ளொய்ட் படம் போட்ட டீசேர்ட்டோடு திருகோணமலையிலும் பெடியன்கள் திரிகிறார்கள், ஜெனிசிஸ், யெஸ் என்றால் தலையாட்ட ஒரு சிலராவது இருக்கிறார்கள், இவர்களுக்கு மட்டும் ஒருவருமில்லை. இவர்களுக்குக் கிடைத்த பெயர் போதாது, இன்னும் நிறையக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என்னுடைய உறுதியான எண்ணம். எங்கள் ஊரில் ஒரு பத்துப் பேருக்காவது இதை ஒழுங்காகக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்று தனியாக இறங்கினேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் போனது, 175,000 ரூபா அளவில் கரைந்தது. என்னென்ன வரும் என்று முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் சீசனுக்குக் கீபோர்ட் வாசிக்கிறவன். மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர்கள் வருகிற காலம், அவர்கள் கேட்கிற பாட்டு வாசிக்க வேண்டும், எல்லா இரவும் ஏறத்தாழ ஒரே இருபது பாட்டு. மற்ற மாதங்களில் உவர்மலையில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக் கொடுப்பேன். ஒரு சீசனில் வாசிப்பு முடிந்த பிறகு வயதான ஜெர்மன்காரர் ஒருவர் வந்து கதைத்துவிட்டு, பில்லுக்குப் பின்னால் இந்தக் குழுவின் பெயரை எழுதித் தந்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து தேடினேன், 1978இல் பிபிசிக்காக இவர்கள் லண்டனில் வாசித்த நிகழ்ச்சியின் வீடியோ வந்தது. ஐந்து பேர். கிட்டார்காரர் கிட்டாரை வைத்துவிட்டுப் புல்லாங்குழல் போன்ற ரெக்கோர்டரை எடுக்கிறார், பேஸ் வாசித்தவர் வயலினுக்குப் போகிறார், கீபோர்ட்காரர் செலோவும், உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கிற வைப்ரஃபோனும் வாசிக்கிறார், பாட்டு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இத்தனை வருடம் மேடையில் நின்ற எனக்கு, நான்கு நிமிடத்துக்குள் இப்படிக் கைமாறுவது என்ன வேலை என்று தெரியும். அன்றிரவு நான் தூங்கவில்லை.

யார் இவர்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. டெரிக், ரே, ஃபில் என்று ஷுல்மன் சகோதரர்கள் மூன்று பேர். இதற்கு முன் சைமன் டுப்ரீ அன்ட் த பிக் சவுண்ட் என்ற பெயரில் பொப் பாட்டு வாசித்தார்கள், 1967இல் ஒரு பாட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள்ளும் போனது. அந்தப் பாதையில் போயிருந்தால் காசு வந்திருக்கும். அதை விட்டுவிட்டு, லண்டன் ரோயல் அக்கடமியில் இசையமைப்புப் படித்த கெரி மின்னியரையும், ப்ளூஸ் வாசித்துப் பழகிய கேரி கிரீனையும் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கினார்கள். 1971இல் வந்த இரண்டாவது அல்பத்தின் அட்டையிலேயே, பிரபலமில்லாமல் போகிற ஆபத்து இருந்தாலும் சமகாலப் பொப் இசையின் எல்லையை விரிப்பதே தங்கள் நோக்கம் என்று அச்சிட்டிருந்தார்கள். சொன்னபடியே நடந்தது. 1972இல் அமெரிக்காவில் பிளாக் சபத் குழுவுக்கு முன் வாசிக்க அனுப்பினார்கள், கனத்த கிட்டாருக்கு வந்த சனம் இவர்களைக் கூச்சலிட்டு விரட்டியது. 1973இல் வந்த ‘இன் எ கிளாஸ் ஹவுஸ்’ அல்பத்தை அமெரிக்காவில் வெளியிடவேயில்லை, அங்கிருந்த ரசிகர்கள் இறக்குமதித் தட்டாகத்தான் வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பெரிய குழுக்களுக்கு ரேடியோவில் ஓடுகிற ஒரு பாட்டாவது இருந்தது, அல்லது ஒரு பக்கம் முழுக்க ஓடுகிற இருபது நிமிடப் பாட்டு இருந்தது. இவர்களிடம் இரண்டுமில்லை. ஐந்து, ஆறு நிமிடத்துக்குள் மற்றவர்கள் இருபது நிமிடத்தில் செய்கிறதைவிடக் கூடச் செய்துவிடுவார்கள், ஒருதரம் கேட்டால் பிடிபடாது. அமெரிக்கப் பட்டியலில் இவர்கள் ஏறிய அதிக உயரம் 1975இல் ‘ஃப்ரீ ஹேண்ட்’ பெற்ற 48ஆம் இடம். கலைந்த பிறகு டெரிக் ஷுல்மன் ரெக்கோர்ட் கம்பனி அதிகாரியாகி பொன் ஜோவியை ஒப்பந்தம் செய்தவர், பிறகு ட்ரீம் தியேட்டரையும் எடுத்தவர். அவர் எடுத்துவிட்ட குழுக்களை உலகம் முழுக்கத் தெரியும், அவர் பாடிய குழுவைத் தெரியாது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, முதலில் என்னோடு ஹோட்டலில் வாசிக்கிற பெடியன்களுக்குத்தான் போட்டுக் காட்டினேன். போனில் இருந்து ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கருக்கு. ட்ரம்ஸ் வாசிக்கிறவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “மச்சான், ஆளாளுக்கு வேற வேற பாட்டு வாசிக்கிற மாதிரி இருக்கடா” என்றான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. இந்த இசையில் நான்கைந்து மெட்டு ஒரே நேரத்தில் ஓடும், ஒவ்வொன்றும் தனியாகக் காதில் விழுந்தால்தான் அவை எங்கே சந்திக்கின்றன என்பது தெரியும். ஒற்றை ஸ்பீக்கரில் எல்லாம் ஒரு குவியலாகிவிடும். நடுவில் விளம்பரம் வேறு. அதனால் உங்கள் ஊரில் யாருக்காவது இதை முதல்தரம் கேட்கக் கொடுப்பதாக இருந்தால் போன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். சாதாரண ஹெட்போன் ஒன்று போதும், இடக்காதுக்கு ஒன்றும் வலக்காதுக்கு இன்னொன்றும் போவது கேட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்போது எனக்கு இருந்த ஆசை, நல்ல இரண்டு ஸ்பீக்கர், இசைத்தட்டு, அட்டையைக் கையில் கொடுத்து ஒரு பக்கம் முழுதாக உட்கார்ந்து கேட்க வைப்பது. இசைத்தட்டு வாங்கப் போன கதை தனிக்கதை. ஐரோப்பாவில் ஒரு பழைய தட்டு வியாபாரியிடம் இணையம் வழியாக நான்கு தட்டு எடுத்தேன்: ‘ஒக்டோபஸ்’, ‘இன் எ கிளாஸ் ஹவுஸ்’, ‘த பவர் அன்ட் த குளோரி’, ‘ஃப்ரீ ஹேண்ட்’. சராசரி 30 யூரோ, எங்கள் காசில் ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல், நான்கும் 42,000. தபாற்செலவு 15,000. 2022க்கு முன் டொலர் 200 ரூபா அளவில் நின்றபோது இதையே எவ்வளவு குறைவாக வாங்கியிருக்கலாம் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் வரி வந்தது, 19,000. தபாற்செலவையும் பொருளின் விலையோடு கூட்டித்தான் வரி போடுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தட்டு பாரமான பொருள், தபாற்செலவு கூடும், அது கூடினால் வரியும் கூடும். ஆகவே விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தபாற்செலவைச் சேர்த்து, அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள், கையில் அந்தக் காசு இருந்தால் மட்டும் ஓடர் போடுங்கள். 2024 ஜனவரியில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது, ஆகவே இன்று இன்னும் கூட வரும்.

ஜூலையில் பொதி வந்தது. ‘ஒக்டோபஸ்’ தட்டுக்கு இங்கிலாந்தில் வந்த அட்டை ரொஜர் டீன் வரைந்தது, அமெரிக்காவில் வந்தது போத்தலுக்குள் ஒக்டோபஸ் இருக்கிற வேறு படம். நான் காசு கட்டியது முதலாவதற்கு, வந்தது இரண்டாவது. வியாபாரிக்கு எழுதினேன், திருப்பி அனுப்பினால் காசு தருவேன் என்றார், திருப்பி அனுப்புகிற செலவு தட்டின் விலையைவிடக் கூட. அவருக்கும் அது தெரியும். இப்படி நாடு நாடாக வேறுபடுகிற அட்டைகள் இந்தக் குழுவுக்கு இன்னும் உண்டு, ‘த்ரீ ஃப்ரெண்ட்ஸ்’ அல்பம் அமெரிக்காவில் முதல் அல்பத்தின் பூத முகத்தோடுதான் வந்தது. எனவே காசு கட்டுமுன் அட்டையின் முன், பின், தட்டின் நடுவிலுள்ள லேபல், மூன்றுக்கும் அந்தத் தட்டையே எடுத்த போட்டோ கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கிற படம் பொதுப்படமாக இருக்கும். தர மறுத்தால் அந்த ஆளிடம் வாங்க வேண்டாம். ‘இன் எ கிளாஸ் ஹவுஸ்’ வாங்குகிறவர்கள் அட்டையில் இருந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் இன்னும் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பழைய பிரதிகளில் அது கிழிந்தோ காணாமலோ போயிருக்கும், விலை மட்டும் முழு விலையாக இருக்கும்.

இதைவிட மோசம் ‘ஃப்ரீ ஹேண்ட்’. கச்சான் காற்று அடிக்கிற மாதம், கொழும்பிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற பொதி வான் பகல் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறது போல, தட்டு அலை அலையாக வளைந்து வந்தது. இரண்டு தடித்த கண்ணாடிக்கு நடுவில் வைத்து மேலே அரிசிச் சாக்கு ஏற்றி வாரக்கணக்கில் விட்டேன், ஊசி பாயாமல் ஓடுகிற அளவுக்கு வந்தது, முழுதாக நேராகவில்லை. எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தட்டு வரவழைக்க வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் வருகிற மாதிரிப் பாருங்கள்.

பிளேயர் கதை இன்னும் நீளம். ஜப்பானில் இருந்து வந்த பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் கொழும்பில் 65,000 ரூபாவுக்கு எடுத்து, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜப்பான் கரண்ட் 100 வோல்ட், எங்களது 230, அதனால் வோல்டேஜ் இறக்குகிற ட்ரான்ஸ்ஃபோமர் 4,500க்கு வாங்கினேன். தட்டைப் போட்டேன், முதல் செக்கனிலேயே ஏதோ பிழை. பாட்டு இழுத்துக்கொண்டு ஓடியது, டெரிக்கின் குரல் கிழவன் குரலாக இருந்தது. கீபோர்டில் வைத்துப் பார்த்தால், கறுப்பும் வெள்ளையும் சேர்த்து எண்ண மூன்று கட்டைக்குக் கொஞ்சம் மேலாகச் சுருதி இறங்கியிருந்தது. விற்றவரிடம் கேட்டேன், கொழும்பில் நன்றாக ஓடியது என்றார். ஊரில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன், பெல்ட் மாற்றி எண்ணெய் போட்டு 8,000 எடுத்தார்கள், சுருதி அப்படியே இருந்தது. வாரக்கணக்கில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கின சாமானை வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை, அந்த மௌனம்தான் கூட வலித்தது.

காரணம் இதுதான், இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் (கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தரம் முன்னும் பின்னும் மாறுகிறது என்ற கணக்கு), மேற்குப் பக்கம் 60. எங்கள் நாட்டில் 50. பழைய பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் மோட்டரின் வேகத்தை முடிவு செய்வது இந்த ஹேர்ட்ஸ்தான், மோட்டர் முனையில் இருக்கிற சின்னக் கப்பி 60க்கு ஒரு அளவு, 50க்கு வேறு அளவு. 60க்கான கப்பியோடு இங்கே ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. இதைக் கண்டுபிடிக்க மெஷின் ஒன்றும் தேவையில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கடதாசித் துண்டு ஒட்டி மூன்று நிமிடம் எண்ணுங்கள், 33⅓ வேகத்தில் சரியாக நூறு சுற்று வர வேண்டும். என்னுடையதில் 83 வந்தது. விற்கிறவரின் கடையிலேயே நின்று எண்ணிப் பாருங்கள், அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. அல்லது நேரோட்ட மோட்டர், குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ளதாகப் பார்த்து எடுங்கள், அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கடைசியில் காப்பாற்றியது துறைமுகப் பக்கம் மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் வேலை செய்கிற ஒரு லேத் பட்டறைக்காரர். பழைய கப்பியைக் கொடுத்து விட்டத்தை 1.2 மடங்காக்கிப் பித்தளையில் கடைந்து தரக் கேட்டேன். கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, பிறகு என்னை வீட்டுக்கு அனுப்பிச் சுற்று எண்ண வைத்து, திரும்பத் திரும்பச் சுரண்டி நூறுக்குக் கொண்டு வந்தார். எடுத்தது 3,500 ரூபா. அவருக்கு இசையில் எந்த ஈடுபாடும் இல்லை, ஆனால் அரை மில்லிமீட்டருக்காக அவர் மினக்கெட்ட விதத்தைப் பார்த்தபோது, இந்தப் பாட்டுகளை இப்படித்தான் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குள் மாரி தொடங்கிவிட்டது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நவம்பர், டிசம்பரில் அலுமாரிக்குள் இருக்கிற செருப்புக்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. பழைய கடதாசி உறைதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டு, மெல்லிய துணியால் வரி போகிற திசையிலேயே வட்டமாகத் துடைத்து, லேபலில் தண்ணீர் படாமல், நிழலில் காய வைத்தால் போகும். பிறகு கடதாசி உறையை விட்டுப் பொலித்தீன் உறைக்கு மாற்றுங்கள், வெளிச்சுவரை ஒட்டாமல் நிமிர்த்தி வையுங்கள், மருந்துப் போத்தலில் வருகிற சிலிக்கா பைகளைச் சேர்த்து வைத்துப் போடுங்கள்.

பெப்ரவரியில் ஒரு சின்ன மண்டபம் வாடகைக்கு எடுத்து, ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து, தேநீரும் ரோல்ஸும் ஒழுங்கு செய்து, 17,000 செலவில் ஒரு கேட்கும் மாலை வைத்தேன். இருபது பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பாலும் ஹோட்டல்களில் வாசிக்கிறவர்கள், கிட்டார் பழகுகிற பெடியன்கள். ‘ஒக்டோபஸ்’ முதற்பக்கம் முடியுமுன் கதிரைகள் காலியாகத் தொடங்கின. ஒருவன் வாசலில் நின்று போன் பார்த்தான். இடைவேளைக்குப் பிறகு உள்ளே இருந்தவர்கள் ஒரு கை விரலுக்குள். ஊரில் ரொக் என்றால் உயிரைக் கொடுப்பேன் என்கிறவர்களே ஒரு பக்கம் பொறுக்கவில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அதைவிட இந்தக் குழுவுக்காகத் துக்கமாகவும் இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் நடந்தது இங்கேயும் நடக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் பின்வரிசையில் அப்பாவின் பழைய நண்பர், மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர், எழும்பவேயில்லை. என் முகத்துக்காக வந்தவர். ‘த பவர் அன்ட் த குளோரி’ போட்டபோது தொடையில் தாளம் போடத் தொடங்கினார், நிறுத்தினார், திரும்பத் தொடங்கினார். முதல் பாட்டில் கீபோர்ட் தனியாக ஆரம்பிக்கும், கேட்கிறவன் கால் ஒரு இடத்தில் தட்டும், மற்ற வாத்தியங்கள் சேர்ந்த பிறகுதான் தட்டியது பிழையான இடம் என்று தெரியும். பாட்டு முடிந்ததும், “தம்பி, இதை இன்னொருக்காப் போடும். எடுப்பு சமத்தில இல்ல, நான் ஏமாந்து போனன்” என்றார். பாட்டு தாளத்தின் முதல் தட்டில் தொடங்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். மூன்றாம் தரம் போட்டபோது அவர் கை பிசகவில்லை. கடைசிப் பாட்டு ஓடும்போது, முதல் பாட்டின் சங்கதிதானே முரட்டுத்தனமாகத் திரும்பி வருகிறது என்று என்னிடம் கேட்டவரும் அவர்தான். சரியாகச் சொன்னார். அந்த அல்பம் முழுக்க அதிகாரத்துக்கு வருகிற ஒருவனின் கதை, முடிவில் தொடக்கத்து இசையே திரும்ப வரும். பாட்டின் ஒரு சொல் கூட விளங்காமல் அதைக் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் தானாகவே வீட்டுக்கு வந்து, இரண்டு பேர் ஒரே மெட்டைத் துண்டு துண்டாகப் பங்கு போடுகிற இடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார், தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வருவதைச் சொல்லி என்னோடு விவாதித்தார். இவர்கள் கோர்வையை, அதாவது தாளத்தை முடித்து வைக்கிற சொற்கட்டை, முடிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று குறையும் சொன்னார். அந்தக் குறை எனக்குத் தேனாக இருந்தது, அவ்வளவு உள்ளே போய்க் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது ஆள் என்னிடம் படிக்கிற பிள்ளையின் தாய். பாலையூற்றுப் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவர். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது உள்ளே ‘ஒன் ரிஃப்ளெக்ஷன்’ ஓடிக்கொண்டிருந்தது, ‘ஃப்ரீ ஹேண்ட்’ அல்பத்துப் பாட்டு, வாத்தியம் இல்லாமல் ஒரு குரல் தொடங்கும், அது ஓடும்போதே அடுத்த குரல் அந்த மெட்டைப் பிடிக்கும், பிறகு மூன்றாவது, நான்காவது. அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். “இதை யார் பாடினது தம்பி? எங்கட குழுவுக்குப் பழக்கலாம்” என்றார். நான் காதால் கேட்டு நான்கு குரலையும் பிரித்து எழுதிக் கொடுத்தேன், அதற்கு ஒரு மாதம் சரியாகப் போனது. பெண் குரல் இரண்டும் இப்போது நன்றாக நிற்கின்றன. ஆண் குரலில் சீசன் தொடங்கினால் ஆள் குறைகிறது, அதற்கு இன்னும் வழி தேட வேண்டும்.

ஆகவே இவர்களுக்குக் கூடுதல் பெயர் கிடைக்க வேண்டுமா என்று கேட்டால் என் பதில் ஆம், சந்தேகமேயில்லை. ஆனால் ரொக் ரசிகர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதால் அது நடக்காது என்றும் இப்போது சொல்கிறேன். ரொக் என்ற பெயரோடு வந்ததால் ரொக் கேட்கிறவர்களிடமே போனது, அவர்கள் எதிர்பார்த்து வருகிற அந்தக் கனமான கிட்டார், சேர்ந்து பாடுகிற பல்லவி இரண்டும் இதில் குறைவு. லயம் பழகியவர்களும் பல குரலில் பாடிப் பழகியவர்களும் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கோயிலிலும் தேவாலயத்திலும், அவர்கள் காது இதற்கு ஏற்கெனவே தயாராக இருக்கிறது, அவர்களிடம் ஒருவரும் கொண்டுபோவதில்லை. இந்த இசை மூளைக்கு மட்டும்தான், மனதுக்கு இல்லை என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ‘ஒக்டோபஸ்’ அல்பத்தில் மின்னியர் மெல்லப் பாடுகிற ‘திங்க் ஒஃப் மீ வித் கைண்ட்னஸ்’ கேட்ட பிறகும் ஒருவர் அப்படிச் சொன்னால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். அதேநேரம் 1977இலும் அதற்குப் பிறகும் வந்த கடைசி மூன்று ஸ்டூடியோ அல்பங்களும் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, அந்தக் காலத்துச் சந்தைக்கு ஏற்றமாதிரிப் பாட்டைச் சுருக்கப் பார்த்தார்கள், அது அவர்களுக்குப் பொருந்தவில்லை. அவற்றில் தொடங்கினால் இந்தக் குழுவை விட்டுவிடுவீர்கள்.

யாராவது தொடங்குவதாக இருந்தால் தட்டு, பிளேயர் என்று போக வேண்டாம், ஸ்டீவன் வில்சன் என்ற இங்கிலாந்து இசைக்கலைஞர் மறுபடி மிக்ஸ் செய்த பதிப்புகள் 2014இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன, ‘த பவர் அன்ட் த குளோரி’, ‘ஒக்டோபஸ்’, ‘ஃப்ரீ ஹேண்ட்’ மூன்றும் அவற்றில் உண்டு, என் பழைய தட்டைவிடக் குரல்களும் வாத்தியங்களும் அதில் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. மிருதங்கம், தபேலா தெரிந்தவர் என்றால் ‘த பவர் அன்ட் த குளோரி’யின் முதல் பாட்டு. பாடுகிறவர் என்றால் ‘ஒன் ரிஃப்ளெக்ஷன்’. வாத்தியம் வாசிக்கிறவர் என்றால் 1978 பிபிசி வீடியோ, கைமாறுவதைக் கண்ணால் பார்க்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, அதுவும் அடுத்தடுத்து மூன்று தரம். மண்டபமெல்லாம் வேண்டாம், வீட்டு விறாந்தையில் இரண்டு பேர் போதும். திருகோணமலையில் இருக்கிறவர்கள் தட்டில்தான் கேட்க வேண்டும் என்றால் என்னிடம் வரலாம், பிளேயர் இப்போது சரியாக நூறு சுற்றுத்தான் சுற்றுகிறது. மாரி தொடங்குமுன் வாருங்கள், நவம்பருக்குப் பிறகு தட்டுகளை உறையிலிருந்து எடுக்கமாட்டேன்.